எந்தச் சதுரங்கப் புத்தகத்தை வாங்குவது?

சதுரங்கம் பழக்குபவரிடம் பெற்றோர் கேட்கும் முதற் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "சேர், எந்தப் புத்தகத்தை வாங்கிக் குடுத்தால் இவன் முன்னுக்கு வருவான்?" வன்னியில் ஒரு கிராமத்து வாசிகசாலையில் வார இறுதி நாட்களில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் பழக்கி வருகிறேன். என்னிடமும் மாதம் ஒரு தடவையாவது இந்தக் கேள்வி வந்துவிடும்.

கேட்பவர் அநேகமாகக் கூலி வேலை செய்யும் தகப்பனாக இருப்பார். அல்லது தனியொருத்தியாகக் குடும்பத்தைத் தாங்கும் தாயாக இருப்பார். வெளிநாட்டில் அச்சான ஒரு சதுரங்கப் புத்தகத்தின் விலை அவர்களது ஒரு நாள் உழைப்பை விழுங்கிவிடக்கூடியது. ஆகவே வாயில் வந்த ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிட முடியாது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு விடயமும் இருக்கிறது. நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பிள்ளைகளுக்குப் பயிற்றுநர் இருக்கிறார், கழகம் இருக்கிறது, வாராவாரம் போட்டி இருக்கிறது. எமது ஊர்ப் பிள்ளை அண்ணனிடமோ மாமாவிடமோ காய்களை நகர்த்தப் பழகிவிட்டு நேரே போட்டிக்குப் போகிறது. அங்கே பதினைந்து நகர்வுக்குள் இரண்டு ஆட்டங்களைத் தோற்கிறது. திரும்பி வரும்போது, "எனக்கு உதுக்கு மூளை காணாது சேர்" என்று சொல்கிறது. அந்த முடிவு பிழையானது. எதிரே இருந்த பிள்ளை தன் மூளையால் மட்டும் வெல்லவில்லை. அது முன்பே பார்த்துப் பழகிய ஒன்றை எங்கள் பிள்ளை பார்த்திருக்கவில்லை. இந்த இடைவெளியைப் புத்தகத்தால் பெருமளவு நிரப்ப முடியும். அதற்கு எந்தப் புத்தகம், எந்த வரிசையில், எப்படி வாசிப்பது என்பதை இங்கே விளக்குகிறேன்.

திறமை எங்கே இருக்கிறது?

நல்ல ஆட்டக்காரர் இருபது நகர்வுகளை முன்கூட்டியே எண்ணுகிறார் என்பது பொதுவான நம்பிக்கை. நெதர்லாந்தைச் சேர்ந்த உளவியலாளர் ஆட்ரியான் டி குரூட் 1946 இல் வெளியிட்ட ஆய்வில் இதைச் சோதித்துப் பார்த்தார். அவரே நல்ல சதுரங்க வீரர். உலகத் தரத்திலான வீரர்களும் அவர்களிலும் குறைந்த வீரர்களும் எத்தனை நகர்வு ஆழமாக யோசிக்கிறார்கள் என்று பார்த்தபோது பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நடந்த ஆட்டமொன்றின் நிலையைச் சில விநாடிகள் காட்டி மறைத்துவிட்டு, அதை மீண்டும் அடுக்கச் சொன்னபோது, பெரிய வீரர்கள் ஏறக்குறைய முழுவதையும் சரியாக அடுக்கினார்கள். மற்றவர்கள் திணறினார்கள்.

1973 இல் அமெரிக்காவில் வில்லியம் சேஸ், ஹேர்பர்ட் சைமன் ஆகிய இருவரும் இதை ஒரு படி மேலே கொண்டு சென்றார்கள். காய்களைக் கண்டபடி, ஆட்டத்தில் வர வாய்ப்பில்லாத விதத்தில் பலகையில் பரப்பிக் காட்டினார்கள். அப்போது பெரிய வீரரின் நினைவும் புதியவரின் நினைவும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. அதாவது அவருக்கு இருந்தது பிறவியிலேயே வந்த அபூர்வ ஞாபகசக்தி அல்ல. எழுத வாசிக்கத் தெரிந்த ஒருவர் 'அம்மா' என்ற சொல்லை எழுத்து எழுத்தாகக் கூட்டாமல் ஒரே பார்வையில் வாசிப்பது போல, அவர் காய்களின் கூட்டங்களை ஒரே பார்வையில் வாசிக்கிறார்.

வாசிப்பைப் பழகலாம் என்பது எங்களுக்குத் தெரியும். நல்ல சதுரங்கப் புத்தகம் என்பது இந்தக் கூட்டங்களைத் தேர்ந்தெடுத்து, இலகுவானதிலிருந்து கடினமானதற்கு அடுக்கித் தருவது. பயிற்றுநர் செய்வதும் அடிப்படையில் அதையே.

ஆங்கிலம் தடையா?

தமிழில் சதுரங்கப் புத்தகங்கள் குறைவு. இருப்பவையும் பெரும்பாலும் விதிகளோடும் ஆரம்பப் பாடங்களோடும் நின்றுவிடுகின்றன. "இங்கிலிஷ் புத்தகத்தை இவன் எப்பிடி வாசிப்பான்?" என்று பெற்றோர் தயங்குவது நியாயம்தான். ஆனால் சதுரங்கப் புத்தகத்தின் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இல்லை. அது குறியீட்டில் இருக்கிறது.

பலகையின் நிரல்களுக்கு, வெள்ளைக் காய்களோடு இருப்பவரின் இடப்பக்கத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று பெயர். வரிசைகளுக்கு, அவருக்குக் கிட்ட இருந்து 1 முதல் 8 வரை இலக்கம். 'ஈ4' என்றால் சிப்பாய் அந்தக் கட்டத்துக்குப் போகிறது. 'குதிரை எஃப்3' என்றால் குதிரை அங்கே போகிறது. ஒரு பிற்பகலில் பழகிவிடலாம். அதன் பிறகு எந்த நாட்டுப் புத்தகத்தையும் விரித்து ஆட்டத்தைப் பலகையில் போட்டுப் பார்க்கலாம். பல புத்தகங்களில் காய்களின் பெயருக்குப் பதிலாகக் காயின் சிறு படமே அச்சிடப்பட்டிருக்கும். விளக்க உரையிலும் ஐம்பது, அறுபது சொற்களே திரும்பத் திரும்ப வரும். அவற்றை ஒரு கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்தால் போதும். அமெரிக்கரான பொபி பிஷர் சிறுவயதில் சோவியத் சதுரங்க இதழ்களைப் படிப்பதற்காகவே ரஷ்ய மொழி பழகினார். பிற்காலத்தில் அவர் உலகச் சம்பியன் ஆனார்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஆங்கிலப் புத்தகங்களில் வேறொரு குறியீட்டு முறை இருக்கும். அதில் நிரல்களுக்கு எழுத்துக்குப் பதிலாக, தொடக்கத்தில் அங்கே நிற்கும் காயின் பெயரே பெயர். இலக்கத்தை ஒவ்வொருவரும் தத்தம் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். சர்வதேசச் சதுரங்கச் சம்மேளனம் 1981 இல் இந்த முறையைக் கைவிட்டுவிட்டது. பழைய பதிப்பு கையில் கிடைத்தால் வீச வேண்டாம். ஆனால் காசு கொடுத்து வாங்குவதானால் புதிய குறியீட்டில் உள்ள பதிப்பையே கேட்டு வாங்குங்கள்.

எந்த வரிசையில்?

புத்தகக் கடையிலும் இணையத்திலும் அதிகம் கண்ணில் படுபவை ஆட்டத் தொடக்கங்கள் பற்றிய புத்தகங்கள். 'இந்தத் தொடக்கத்தை ஆடினால் வெற்றி' என்பது போன்ற தலைப்புகள் பிள்ளைகளை இழுக்கும். முதல் இரண்டு வருடங்களுக்கு அவற்றை வாங்க வேண்டாம் என்றே சொல்வேன். பன்னிரண்டு நகர்வுகளை மனப்பாடம் செய்த பிள்ளை, எதிராளி ஐந்தாவது நகர்விலேயே பாடத்தை விட்டு விலகினால் விழி பிதுங்கி நிற்கும். காய்களை விரைவாக வெளியே எடுத்து, நடுவைப் பிடித்து, ராஜாவைப் பாதுகாப்பாக ஒதுக்கினால் ஆரம்பத்துக்கு அது போதும்.

முதலில் தேவை பயிற்சிக் கணக்குகள். ஒரு நகர்வில் செக்மேட், இரண்டு நகர்வில் செக்மேட், ஒரே நேரத்தில் இரண்டு காய்களைத் தாக்குவது, ராஜாவுக்கு முன் நிற்கும் காயை அசையவிடாமல் கட்டுவது போன்றவை. ஆரம்ப நிலை ஆட்டங்கள் பெரும்பாலும் ஒரு காயைச் சும்மா கொடுப்பதாலேயே தோற்கப்படுகின்றன. அதைக் காணும் கண்ணை இந்தக் கணக்குகள் தரும். 1966 இல் வெளிவந்த 'பொபி பிஷர் டீச்சஸ் செஸ்' என்ற புத்தகம் இதற்கு நல்ல தொடக்கம். அதில் வாசிக்க வேண்டியது குறைவு, கேள்வியும் விடையும்தான் அதிகம்.

இரண்டாவது, முழு ஆட்டங்களை ஒவ்வொரு நகர்வாக விளக்கும் புத்தகம். இர்விங் செர்னேவ் 1957 இல் எழுதிய 'லொஜிக்கல் செஸ்' 33 ஆட்டங்களை எடுத்து, ஒவ்வொரு நகர்வும் ஏன் ஆடப்பட்டது என்று சொல்கிறது. அதில் சில விதிகளை அவர் மிகவும் இறுக்கமாகச் சொல்லிவிட்டார் என்று பின்வந்தவர்கள் குறை சொல்வதுண்டு. ஆனாலும் 'ஏன்' என்று கேட்கும் பழக்கத்தை ஒரு பிள்ளைக்குள் விதைக்க அதைப் போல வேறு புத்தகம் அரிது.

மூன்றாவது, இறுதி ஆட்டம். கியூபாவைச் சேர்ந்த கபபிளாங்கா 1921 இல் உலகச் சம்பியனானார். அதே ஆண்டில் அவரது 'செஸ் ஃபண்டமென்டல்ஸ்' வெளிவந்தது. அந்தப் புத்தகம் தொடக்க நகர்வுகளோடு தொடங்காமல், பலகையில் மூன்று, நான்கு காய்கள் மட்டும் இருக்கும் நிலைகளோடு தொடங்குகிறது. பழைய பதிப்பு காப்புரிமை கடந்தது. குட்டன்பர்க் திட்ட இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மேலே சொன்ன பழைய குறியீட்டில்தான் அது இருக்கும். இதற்கு அடுத்த படியில், ஜெரமி சில்மன் எழுதிய இறுதி ஆட்டப் புத்தகம் ஆட்டக்காரரின் தரத்துக்கு ஏற்ப அதிகாரம் பிரித்துத் தருகிறது. உங்கள் நிலை வரை வாசித்துவிட்டு மூடி வைத்து, தரம் கூடிய பின் மீண்டும் திறக்கலாம். இதையெல்லாம் தாண்டிய பிள்ளைக்கு ஆர்தர் யூசுபோவின் ஒன்பது பயிற்சி நூல்கள் இருக்கின்றன. ஆனால் அவை கடினமானவை. அவசரப்பட்டு வாங்கினால் அலுமாரியில்தான் இருக்கும்.

ஒரு சிறு நிலை

இறுதி ஆட்டம் ஏன் இவ்வளவு முக்கியம் என்று காட்ட ஓர் உதாரணம். பலகையை எடுத்து மூன்றே காய்களை வையுங்கள். வெள்ளை ராஜா ஈ5, வெள்ளைச் சிப்பாய் ஈ4, கறுப்பு ராஜா ஈ7. இரண்டு ராஜாக்களும் நடுவில் ஒரு கட்டம் இடைவெளி விட்டு நேருக்கு நேர் நிற்கிறார்கள்.

இப்போது நகர வேண்டியது கறுப்பு என்றால் வெள்ளை வெல்லும். கறுப்பு ராஜா வழிவிட்டே ஆகவேண்டும். அவர் டி7 க்குப் போனால் வெள்ளை ராஜா எஃப்6 க்கு நுழைவார். எஃப்7 க்குப் போனால் டி6 க்கு நுழைவார். தன் சிப்பாய்க்கு முன்னால் பாதையைத் திறந்து, அதை எட்டாவது வரிசைக்குக் கூட்டிச் சென்று ராணியாக்குவார்.

அதே நிலையில் நகர வேண்டியது வெள்ளை என்றால் ஆட்டம் சமநிலை. வெள்ளை ராஜா டி5 க்குப் போனால் கறுப்பு ராஜா டி7 க்கு வந்து மீண்டும் நேரே நிற்பார். எஃப்5 என்றால் எஃப்7. வெள்ளை சிப்பாயை முன்னே தள்ளினாலும் கறுப்பு ராஜா அதன் முன்னால் வந்து நிற்பார். சிப்பாய் ஈ6 க்கு வந்ததும் அவர் பக்கவாட்டில் போகாமல் நேரே பின்னால் ஈ8 க்குப் போக வேண்டும். அதை மட்டும் அறிந்திருந்தால் போதும். கடைசியில் வெள்ளை சிப்பாயை இழக்க வேண்டும், அல்லது கறுப்பு ராஜா செக் இல்லாமலே நகர இடமின்றி நிற்கும் 'ஸ்டேல்மேட்' வரும். இரண்டுமே சமநிலைதான்.

காய்கள் அதே இடத்தில், ஆனால் யாருடைய முறை என்பது வெற்றியை அரைப் புள்ளியாக்கிவிடுகிறது. இதைப் பலகைக்கு முன்னால் இருந்து, மணிக்கூடு ஓடிக்கொண்டிருக்கும்போது சொந்தமாகக் கண்டுபிடிப்பது பெரியவர்களுக்கே கடினம். புத்தகத்தில் பத்து நிமிடத்தில் கற்கலாம், பிறகு ஆயுளுக்கும் மறக்காது. போட்டியில் ஒரு சிப்பாய் குறைவாக இருந்து அழத் தயாராகும் பிள்ளை, இது தெரிந்திருந்தால் அழாமல் சமநிலை எடுத்துக்கொண்டு எழும்பும். நான் சொன்ன இடைவெளி இப்படிப்பட்ட சில நூறு சிறு அறிவுகளால் ஆனது. அதற்கு மேல் அதில் மர்மம் இல்லை.

எப்படி வாசிப்பது?

சதுரங்கப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் போல வாசித்தால் ஒன்றும் ஒட்டாது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் முறை இது.

முதலில், பலகை விரித்திருக்க வேண்டும். காயைக் கையால் எடுத்து வைப்பது நேரம் எடுக்கும். அந்த நேரத்தில்தான் மனம் யோசிக்கிறது.

இரண்டாவது, ஒரு மட்டையால் பக்கத்தை மூடிக்கொள்ள வேண்டும். அடுத்த நகர்வு என்னவாக இருக்கும் என்று தானே தீர்மானித்து, கொப்பியில் எழுதிவிட்டு, அதன் பின் மட்டையை ஒரு வரி கீழே இறக்க வேண்டும். தன் விடை வேறாக இருந்தால் ஏன் என்று பார்க்க வேண்டும். எழுதாமல் மனதில் நினைத்தால், விடையைக் கண்டவுடன் "நானும் அதைத்தான் நினைச்சனான்" என்று மனம் ஏமாற்றும்.

மூன்றாவது, பயிற்சிக் கணக்குகளை ஒரு தடவை செய்து முடித்ததும் அடுத்த புத்தகத்துக்குத் தாவக்கூடாது. சுவீடனைச் சேர்ந்த அக்செல் சிமித், ஹான்ஸ் திக்கனென் இருவரும் 2018 இல் எழுதிய 'மரங்கொத்தி முறை' என்ற பொருள்படும் தலைப்புள்ள புத்தகத்தின் அடிப்படையே இதுதான். ஒரே கணக்குத் தொகுதியைத் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு தடவையும் விரைவாகச் செய்வது. நாலாவது தடவையில் பிள்ளை கணக்குப் போடுவதில்லை, கண்டவுடன் காண்கிறது. புத்தகம் வாங்க வசதி குறைந்தவர்களுக்கு இது நல்ல செய்தி. ஒரே புத்தகம் நாலு புத்தகத்தின் வேலையைச் செய்யும்.

நாலாவது, போட்டியில் ஆடிய ஆட்டங்களைக் கட்டாயம் எழுதி வைக்க வேண்டும். தோற்ற ஆட்டங்களை முதலில் எடுத்துப் போட்டு, எந்த நகர்வில் நிலைமை கெட்டது என்று தானே தேட வேண்டும். பிள்ளைக்கு என்றே எழுதப்பட்ட புத்தகம் அந்தக் கொப்பிதான்.

நாளுக்கு அரை மணித்தியாலம் போதும். கணக்குக்குப் பத்து நிமிடம், புத்தகத்தில் ஓர் ஆட்டத்துக்கோ இறுதி நிலைக்கோ இருபது நிமிடம். சனிக்கிழமை மட்டும் நாலு மணித்தியாலம் இருப்பதிலும் பார்க்க இது கூடிய பலன் தரும்.

கைத்தொலைபேசி இருக்கிறதே?

இருக்கிறது, நல்லதும்தான். 2010 இல் பிரான்ஸைச் சேர்ந்த ஒருவர் தொடங்கிய லீசெஸ் என்ற தளம் முற்றிலும் இலவசம், விளம்பரமும் இல்லை. பயிற்சிக் கணக்குகளும் அங்கே ஏராளம். புத்தகம் வாங்கவே முடியாத வீட்டுக்கு அது பெரும் உதவி.

சிக்கல் எங்கே என்றால், பிள்ளைகள் அதில் மூன்று நிமிட ஆட்டங்களை மணிக்கணக்காக ஆடுகிறார்கள். தோற்றவுடன் அடுத்த ஆட்டம். யோசிப்பதற்கு அங்கே இடமில்லை. ஆடிய பின் கணினி எந்திரம் சரியான நகர்வைச் சொல்லிவிடும், ஆனால் ஏன் என்று சொல்லாது. 2024 டிசம்பரில் 18 வயதில் உலகச் சம்பியனான சென்னையைச் சேர்ந்த குகேஷை அவரது பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா மிக உயர்ந்த தரத்தை எட்டும் வரை கணினி எந்திரத்தைப் பயன்படுத்த விடவில்லை. சொந்தமாக எண்ணிப் பழகட்டும் என்பதே காரணம். எல்லா வசதியும் கிடைக்கக்கூடிய இடத்தில் இருந்தவர்களே வேண்டாம் என்று வைத்ததை, நாங்கள் எங்களுக்கு இல்லாத குறையாக எண்ணத் தேவையில்லை.

பெற்றோருக்கு

சதுரங்கம் பழகினால் கணிதம் வரும், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் புள்ளி கூடும் என்று சொல்லிப் பணம் வாங்கும் வகுப்புகள் இப்போது எமது பகுதிகளிலும் தலைகாட்டுகின்றன. இங்கிலாந்தில் 100 ஆரம்பப் பாடசாலைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2016 இல் வெளியான ஆய்வில், ஓராண்டு சதுரங்க வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்கும் போகாத பிள்ளைகளுக்கும் பின்னர் கணிதத்திலோ வாசிப்பிலோ வித்தியாசம் காணப்படவில்லை. ஆகவே புள்ளிக்காகக் காசு கட்டாதீர்கள். போரில் உறவுகளை இழந்த, இரவில் நித்திரை வராத பிள்ளைக்குச் சதுரங்கம் மருந்து என்றும் நான் சொல்லமாட்டேன். அதற்குத் தேவை உளவளத்துணை.

சதுரங்கம் தருவது வேறு. ஒரு பிரச்சினைக்கு முன்னால் அரை மணித்தியாலம் அமைதியாக இருக்க ஓர் இடம். தோல்விக்குக் காரணம் தேடிக் கண்டுபிடிக்க முடியும் என்ற அனுபவம். காரணம் தெரியாமலே எவ்வளவோ இழந்த எமது சனத்தின் பிள்ளைகளுக்கு இந்த இரண்டும் சிறிய விடயங்கள் அல்ல.

பெற்றோருக்குச் சதுரங்கம் தெரியாவிட்டாலும் உதவலாம். விஸ்வநாதன் ஆனந்த் சிறுவனாகக் குடும்பத்தோடு மணிலாவில் இருந்த காலத்தில், அவர் பாடசாலைக்குப் போயிருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் வரும் சதுரங்கக் கணக்கை அவரது தாய் எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து தீர்த்து அனுப்புவார்கள். பரிசு ஒரு புத்தகம். அடிக்கடி வென்றதால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொண்டு இனிமேல் விடை அனுப்ப வேண்டாம் என்று நிகழ்ச்சி நடத்தியவர்கள் சொன்னதாக ஆனந்த் பின்னர் நினைவுகூர்ந்திருக்கிறார். 1988 இல் அவர் இந்தியாவின் முதலாவது கிராண்ட்மாஸ்டர் ஆனார். அடுப்படியில் வேலை செய்துகொண்டே, "மட்டையை இறக்க முதல் எழுதினியா?" என்று கேட்கும் தாயும் அதே வேலையைத்தான் செய்கிறார்.

வாசிகசாலைகளுக்கும் உறவுகளுக்கும்

ஒவ்வோர் இடம்பெயர்விலும் நாங்கள் முதலில் விட்டுவிட்டு ஓடியவற்றில் புத்தகங்களும் அடங்கும். வீட்டில் புத்தக அலுமாரி என்பது பலருக்கு இன்னும் திரும்பி வரவில்லை. அதனால் ஒவ்வொரு வீடும் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கரம் பலகை உள்ள சனசமூக நிலையம் ஒவ்வொன்றிலும் இரண்டு சதுரங்கப் பலகையும் மூன்று புத்தகமும் இருந்தால் ஓர் ஊருக்குப் போதும். கணக்குப் புத்தகம் ஒன்று, விளக்கிய ஆட்டங்களின் புத்தகம் ஒன்று, இறுதி ஆட்டப் புத்தகம் ஒன்று.

புலம்பெயர்ந்த உறவுகள் ஊருக்கு வரும்போது கண்ணாடிக் காய்களோடு அழகான பலகைகளைக் கொண்டு வருகிறார்கள். அவை காட்சிக்கு நல்லவை. அடுத்த தடவை அதே காசில் நான் மேலே சொன்ன புத்தகங்களில் ஒன்றைக் கொண்டுவாருங்கள். அட்டை கிழிந்த பழைய பிரதி என்றாலும் பரவாயில்லை. பலகையை எங்கள் பிள்ளைகள் மட்டையில் கோடு போட்டுக்கூடச் செய்துகொள்வார்கள்.